போர்டு எழுதினவர் எழுதும் புத்தகம்

வாத்தியார் எழுதிய முதல் பக்கத்தைப் படிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவருக்கு அதை எழுத மூன்று சாயங்காலம் ஆகியிருந்தது.

192 பக்கக் கோடு போட்ட நோட்டு. அந்தக் கோடுகளை அவர் கண்டுகொள்ளவே இல்லை. பென்சிலால் தானாக மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு இழுத்து, நடுவில் ஒவ்வொரு எழுத்தையும் வரைந்திருந்தார். எல்லாம் ஒரே உயரம், எழுத்துக்கு எழுத்து ஒரே இடைவெளி. "ழ"வின் சுழி அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. பக்கத்துக்குப் பதினொரு வரி. பதினோராவது வரியில் இடம் போதாமல் போகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, கடைசி இரண்டு வார்த்தைகளைக் கொஞ்சம் ஒடுக்கி எழுதியிருந்தார். கடை போர்டில் "ஸ்டோர்ஸ்" என்பதை ஓரத்தில் ஒடுக்குவோமே, அதே கை.

"இன்னாடா, நல்லாக்குதா?" என்றார்.

நான் எழுத்தைச் சொல்கிறேன் என்று நினைத்து, "சூப்பரா இருக்கு வாத்தியாரே" என்றேன்.

"எழுத்து நல்லாத்தான் இருக்கும். ஐம்பது வருசமா அத்தத்தானே செஞ்சிக்கினு கீறேன். விசயம் நல்லாக்குதான்னு கேட்டேன்."

அவர் எழுதும் அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

வாத்தியாருக்கு 71 வயது. புழல் காவாங்கரைப் பக்கம் வீடு. மூலக்கடையிலிருந்து செங்குன்றம் வரைக்கும் ஜி.என்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் ஒரு காலத்தில் அவர் கை படாத சுவர் குறைவு. அரிசி மண்டி, டயர் கடை, சலூன், கட்சி, கல்யாணம், கோயில் திருவிழா எல்லாம் எழுதியவர். மாதவரம் லாரி ஷெட்டுகளில் வண்டிக்குப் பின்னால் "சவுண்ட் ஹாரன்" எழுதுவதில் ஆரம்பித்தவர். 1991இல், பதினைந்து வயதில், நான் அவரிடம் டப்பா தூக்கப் போனேன். முதல் ஒரு வருஷம் பிரஷ் கையில் கொடுக்கவில்லை. தகரத்துக்கு ரெட் ஆக்சைடு பூசுவது, நூல் பிடிப்பது, அணில் முடி பிரஷ்ஷை டர்பன்டைனில் அலசி வாயில் வைத்துக் கூராக்கக் கூடாது என்று திட்டு வாங்குவது, இவ்வளவுதான். இப்போது நான் கம்ப்யூட்டரில் ஃப்ளெக்ஸ் டிசைன் செய்கிறேன். அவர் தொழிலைச் சாப்பிட்டது எதுவோ, அதில்தான் எனக்குச் சாப்பாடு. இதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. எனக்குத்தான் உள்ளே இருந்துகொண்டே இருக்கிறது.

புழல் என்று ஊர்ப்பெயர் சொன்னால் வெளியூர்க்காரர்கள் இரண்டில் ஒன்று கேட்பார்கள். "ஜெயில் இருக்கே, அங்கயா?" அல்லது "ஏரி இருக்கே, அங்கயா?" சென்ட்ரல் பக்கத்திலிருந்த பழைய சிறைக்குப் பதிலாக 2006இல் இங்கே புது மத்திய சிறை வந்தது. ஏரியோ 3,300 மில்லியன் கன அடி கொள்ளளவு. சென்னை குடிக்கிற தண்ணீர். செய்தியில் எங்கள் ஊர் வருவது, யாரையாவது உள்ளே போடும்போது, இல்லாவிட்டால் ஏரியில் தண்ணீர் வற்றும்போது. நடுவில் இங்கே மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் ஒரு கலையைக் கையில் வைத்துக்கொண்டு ஐம்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள் என்பது எந்தச் செய்தியிலும் வராது. வடசென்னை முழுக்கவே இந்தக் கதிதான். மற்றவர்கள் நம் கதையைச் சொன்னால் முதல் காட்சியிலேயே கத்தி வந்துவிடுகிறது.

இங்கிருந்தே எழுதுகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். கரன் கார்க்கியின் "கறுப்பர் நகரம்", ஷாலின் மரிய லாரன்ஸின் "வடசென்னைக்காரி", பாக்கியம் சங்கரின் "நான்காம் சுவர்" எல்லாம் என் அலமாரியில் இருக்கின்றன. படிக்கும்போது தெருமுனையில் நின்று பேசுகிற மாதிரி இருக்கும். ஆனால் பிரஷ் பிடித்த ஆள், தன் வேலையைத் தானே எழுதிய புத்தகம் எங்கள் பக்கத்திலிருந்து வந்து நான் பார்க்கவில்லை. அதனால்தான் இரண்டு வருஷமாக வாத்தியாரை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சொல்லச் சொன்னேன், நான் எழுதிக்கொள்கிறேன் என்று. ஏரிக்கரைப் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஏழெட்டு சாயங்காலம் போனில் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் மனசு சுருங்கிப் போகும். எல்லாம் பெரிய மனிதர்கள் கதை. இன்ன தலைவர் வந்தார், அறுபது அடி கட்அவுட்டை அண்ணாந்து பார்த்தார், "யாருப்பா வரைஞ்சது" என்றார், தோளில் தட்டினார். அந்தத் தலைவருக்கு அது நினைவில் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. வாத்தியாருக்கு அதுதான் தன் வாழ்க்கை என்று ஆகிவிட்டிருந்தது. நான் கேட்க நினைத்தது வேறு. கலர் பவுடரில் வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றும்போது எவ்வளவு ஊற்றினால் மழைக்கு நிற்கும்? மூக்குக்குக் கீழே நிழல் விழுகிற இடத்தில் பச்சை வைப்பாரே, அதை யார் சொல்லிக் கொடுத்தது? சாரத்தில் நின்றுகொண்டு, ஒரு முழம் தூரத்தில் வெறும் கன்னம் மட்டும் தெரிகிறபோது, முகம் சரியாக வருகிறது என்று எப்படித் தெரியும்?

கேட்டால் சிரிப்பார். "அத்தல்லாமா எழுதுவாங்க? அது வேலடா."

அப்புறம்தான் எனக்கு யோசனை வந்தது. அவருக்கு நான் சொல்லிப் புரியாது, வேலையை எழுதியவர்களையே கொண்டுவந்து காட்ட வேண்டும்.

முதலில் பம்மல் சம்பந்த முதலியாரின் "நாடகமேடை நினைவுகள்". அவரும் நம் பக்கத்து ஆள்தான், ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெரு. தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்த இளைஞர், 1891இல் பல்லாரியிலிருந்து வந்த தெலுங்கு நாடகக் குழுவைப் பார்த்துவிட்டு மனம் மாறி, அதே வருஷம் ஜூலை 1ஆம் தேதி நண்பர்களோடு சுகுண விலாச சபையை ஆரம்பித்தார். வக்கீல், பிறகு ஸ்மால் காஸ் கோர்ட் ஜட்ஜ். கூத்தாடி என்றால் வாசலில் நிறுத்துகிற காலத்தில் மேடை ஏறியவர். 1930களில் இந்த நினைவுகளை ஆறு பாகங்களாக எழுதினார். நாட்டுடைமை ஆன நூல் என்பதால் இணையத்திலிருந்து இறக்கி, பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது, அவர் தன் பிசகுகளைச் சொல்லும் விதம். எந்த இடத்தில் தவறு செய்தேன், அடுத்த முறை எப்படித் திருத்தினேன், இளம் நடிகர்களே நீங்கள் இதைச் செய்யாதீர்கள் என்று பக்கத்தில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுப்பார். தன்னோடு பெண் வேடத்தில் நடித்த நண்பர் சி. ரங்கவடிவேலுவைப் பற்றி எழுதும் இடங்களில் அந்த ஜட்ஜ் காணாமல் போய்விடுவார். நண்பனை இழந்த மனிதர் மட்டும் இருப்பார்.

வாத்தியார் ஒரு மாதம் வைத்திருந்து திருப்பித் தந்தார். "பெரிய மனுசன். ஆனா துட்டு வாங்காம நடிச்சவரு. வவுத்துக்குன்னு வேற தொழில் இருந்துச்சு. நமக்கு அது இல்ல" என்றார். நியாயம்தான். தொழிலாக வைத்தவன் கதை வேறு.

அதற்காகத்தான் அவ்வை தி.க. சண்முகத்தின் "எனது நாடக வாழ்க்கை". 1918இல், ஆறு வயதில், அண்ணன்மாரோடு சங்கரதாஸ் சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்த பையன். படிப்பு, தூக்கம், சாப்பாடு, அடி எல்லாம் கம்பெனியிலேயே. வாத்தியார் இந்தப் புத்தகத்தை விடவே இல்லை. பாத்ரூம் போகும்போதும் கையில் இருந்ததாக அவர் மருமகள் சொன்னார்.

ஒரு ராத்திரியில் சுவாமிகள் "அபிமன்யு சுந்தரி" நாடகத்தை முழுசாக எழுதி முடித்த கதை இருக்கிறதே, அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டார். "இது நமக்கு எப்புடித் தெரியுது? அந்தப் பையன் எழுதினதால. சுவாமிகள் எழுதல பாரு."

ஆமாம், சுவாமிகள் தன் கதையை எழுதவில்லை. அவர் பயங்கரமான வேஷம் ஒன்று கட்டி வந்ததைப் பார்த்து ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கரு கலைந்துவிட்டது, அன்றோடு வேஷம் கட்டுவதை நிறுத்தினார் என்று சொல்வார்கள். இத்தனை வருஷமாக நாடகக்காரர்கள் இதை ஒரு பெருமையாகவே சொல்லி வருகிறார்கள், அவ்வளவு தத்ரூபமாக நடித்தார் என்று. ஆனால் அன்று ராத்திரி அந்த அரிதாரத்தைத் துடைக்கும்போது அந்த மனிதருக்கு உள்ளே எப்படி இருந்திருக்கும்? அதை அவர் ஒருவர்தான் எழுதியிருக்க முடியும். கடைசிக் காலத்தில் பாரிச வாயு வந்து பேச்சும் போய், 1922இல் புதுச்சேரியில் காலமானார். அந்தக் கேள்விக்குப் பதிலும் அவரோடு போயிற்று.

இதை நான் வாத்தியாரிடம் சொன்னேன். நீங்கள் சொல்லி நான் எழுதினால் அது என் வாத்தியாரைப் பற்றிய என் கதை ஆகிவிடும், உங்கள் கதையை நீங்கள்தான் எழுத வேண்டும் என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார்.

"எனுக்கு பேசற மாதிரிதான் எழுத வரும். புக்குல எழுதற மாதிரி வராது."

அந்தக் கவலைக்கு என்னிடம் ஒரு மருந்து இருந்தது. கே.ஏ. குணசேகரனின் "வடு". கிராமியப் பாடகர், நாடகப் பேராசிரியர், புதுச்சேரிப் பல்கலைக்கழக நாடகத் துறையில் பணியாற்றியவர். இன்குலாப்பின் "மனுசங்கடா"வை ஊர் ஊராகப் பாடிய குரல் அவருடையது. 2016 ஜனவரியில் மறைந்தார். 2005இல் வந்த இந்தப் புத்தகம் சின்னதுதான். இளையான்குடிச் சீமையில் பசியோடும் சாதியோடும் வளர்ந்ததை, அந்த ஊர்ப் பேச்சிலேயே, திண்ணையில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி எழுதியிருப்பார். இளையான்குடியில் முஸ்லிம் வீடுகளில் கிடைத்த சமமான பேச்சையும், சில மைல் தள்ளிக் கிராமத்தில் எங்கே நிற்க வேண்டும், எங்கே குடிக்க வேண்டும் என்று இருந்த கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். தனியாகக் கோபத்தை எழுதவே மாட்டார். நமக்கு வரும்.

வாத்தியார் இரண்டு நாளில் படித்தார். மூன்றாவது நாள் காலையில் ஆறரை மணிக்கு எனக்குப் போன். "டேய், நோட்டு ஒண்ணு வாங்கியா. பெருசா." வேறு ஒன்றும் சொல்லவில்லை. "வடு"வைத் திருப்பியும் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

நோட்டு வாங்கிக்கொடுத்த அன்று எனக்குத் தோன்றியதைச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் யாரும் "வரைகிறேன்" என்று சொல்ல மாட்டார்கள். போர்டு எழுதுகிறவர், சுவர் எழுதுகிறவர், "அந்த மூஞ்சிய யார் எழுதினது" என்றுதான் கேட்பார்கள். பழைய தமிழிலும் அப்படித்தான். ஓவியத்தை எழுதுவார்கள், கண்ணுக்கு மை எழுதுவார்கள். இரண்டுக்கும் ஒரே சொல். அப்படியிருக்க, ஐம்பது வருஷமாக எழுத்து எழுதிப் பிழைத்த மனிதர் தனக்கென்று ஒரு வாக்கியம் எழுதியதில்லை. ரோடு முழுக்க அவர் எழுதினார். எல்லாம் மற்றவன் கடைப் பெயர், மற்றவன் கட்சிப் பெயர், மற்றவன் பிள்ளைக்குக் காதுகுத்து. ஓரத்தில் சின்னதாக "ஆர்ட்ஸ்" என்று போட்டுக்கொண்டால், அதற்கே சில முதலாளிகள் சுவர் வாடகை கேட்பது போல முறைப்பார்கள்.

2014இல் ரஞ்சித்தின் "மெட்ராஸ்" வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பார்த்தோம். வியாசர்பாடியில் ஒரு சுவர், அதில் ஒரு தலைவர் முகம், அதை யார் வைத்துக்கொள்வது என்று தலைமுறையாகச் சண்டை, சாவு. எனக்கு மிகவும் பிடித்த படம். எங்கள் ஊர் எங்கள் ஊராகத் தெரிந்த படம். வாத்தியாரும் கண் கலங்கினார். வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டு சொன்னார்: "அந்த சொவத்துக்காக அத்தினி பேரு அடிச்சிக்கினாங்களே, அத்த எழுதினவன் வூட்ல அன்னிக்கு ஒல கொதிச்சிதான்னு ஒருத்தன் கேக்கல பாத்தியா." இந்த வரி இப்போது அவருடைய இரண்டாவது நோட்டில் இருக்கிறது. பென்சில் கோட்டுக்கு நடுவில், ஒரே உயரத்தில்.

அவர் வீட்டில் உலை கொதிக்காத வருஷங்கள் உண்டு. 2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் மெஷின் ஒவ்வொரு ஏரியாவிலும் வந்து இறங்கியது. நாங்கள் மூன்று நாள் வேலை செய்கிற அளவை அது டீ குடித்து வருவதற்குள் துப்பிவிடும். 2009, 2010 வாக்கில் மாநகராட்சி போஸ்டரை ஒழிக்க அண்ணா சாலைச் சுவர்களில் ஓவியம் எழுத வைத்தபோது, பழைய பேனர் ஆட்கள் பலருக்குக் கொஞ்ச நாள் வேலை கிடைத்தது. வாத்தியாரும் போனார். எனக்கும் ஒரு காலம் வந்தது: 2019இல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு பெண் பிள்ளை உயிர் போனபின், செய்யும் வேலையைச் சொல்லவே வாய் வராமல் இருந்தேன். அந்தப் பேனரை நான் அடிக்கவில்லை. ஆனால் அந்த மாதிரி எத்தனை அடித்திருப்பேன். அதை ஒருநாள் தனியாக எழுத வேண்டும்.

எங்கள் தொழிலிலிருந்து புத்தகம் எழுதப் போன ஒருவர் கோவையில் இருக்கிறார், ஓவியர் ஜீவா. அப்பா சினிமா பேனர் எழுதிய "சினி ஆர்ட்ஸ்" நடத்தியவர், பிள்ளை அதே சாரத்தில் ஏறினார். பிறகு சினிமாவைப் பற்றி "திரைச்சீலை" எழுதி, தேசிய விருதுக் குழுவின் அங்கீகாரத்தையும் பெற்றார். அதை வாத்தியாரிடம் காட்டியபோது புத்தகத்தைத் திறக்கவே இல்லை, அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். "நம்ம லைன்ல ஒருத்தன்" என்றார்.

சரி, அந்த முதல் பக்கத்துக்கு வருகிறேன். விஷயம் நல்லாயிருக்கிறதா என்று கேட்டாரே. முதல் பக்கத்தில் மறுபடியும் ஒரு தலைவர், ஒரு தோள் தட்டல். எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "வாத்தியாரே, இதுல நீங்க எங்க?" என்றேன். முகம் வாடிவிட்டது. அதற்குப் பிறகு பத்து நாள் அவர் எழுதவில்லை. நான் கெடுத்துவிட்டேனோ என்று எனக்குத் தூக்கம் இல்லை.

வழிக்குக் கொண்டுவந்தது அவர் மனைவிதான். நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுவோம். நோட்டை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்திருக்கிறார். அப்புறம் ஒரே கேள்வி: "எலெக்சன் டைம்ல ராவோட ராவா சுண்ணாம்பு ஊற வெச்சி வாளி வாளியா கலக்கிக் குடுத்தது யாரு? தலைவரா வந்து கலக்கினாரு?"

அன்றிரவே வாத்தியார் உட்கார்ந்தார். சுண்ணாம்பிலிருந்து ஆரம்பித்தார். கிளிஞ்சல் சுண்ணாம்பு எங்கே வாங்குவது, எத்தனை நாள் ஊற வேண்டும், அவசரத்துக்கு முந்தின நாள் ஊறவைத்ததை அடித்தால் எப்படிச் செதிள் செதிளாக உதிரும், நீலம் எவ்வளவு போட்டால் வெள்ளை கண்ணைப் பறிக்கும். அக்கா கை வெந்துபோய், தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு படுத்தது. கட்சிக்காரன் பாதிக் காசைத் தராமல் தோற்றுப் போனதும், ஜெயித்தவன் அதே சுவரை அவரையே கூப்பிட்டு அழிக்கச் சொன்னதும். பத்துப் பக்கம். நான் அவரிடம் முப்பது வருஷத்துக்கு மேல் பழகியிருக்கிறேன், அதில் பாதி எனக்குத் தெரியாது.

அக்காவும் எழுதினால் இன்னொரு புத்தகம் வரும். கேட்டால், "எனுக்கு நேரம் எங்க கீது" என்கிறார். ராயபுரத்திலிருந்து வந்த இசைவாணி, ஆம்பிளைகள் மட்டுமே மைக் பிடித்த கானாவைப் பாடி, 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியல் வரை போனார். அவரைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். முதல் மேடையில் மைக் கைக்கு வந்தபோது என்ன நினைத்தார் என்று அவரே விரிவாக எழுதும் நாளுக்கு நான் காத்திருக்கிறேன்.

இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. வேகம் கூடிவிட்டது, ஆனால் எழுத்து இன்னும் வரைகிற எழுத்துதான். டைப் பண்ணித் தருகிறேன் என்று சொன்னதற்கு, "அப்பறம் அது உன்னோட லெட்டராயிடும்" என்று மறுத்துவிட்டார். புத்தகமாக வந்தால் அந்தக் கையெழுத்திலேயே அச்சடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. எந்தப் பதிப்பகம் ஒத்துக்கொள்ளும், எவ்வளவு செலவு என்று இப்போதுதான் விசாரிக்க ஆரம்பித்திருக்கிறேன். இதைப் படிப்பவர்களில் அந்த அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியோடு கேட்டுக்கொள்வேன்.

போன சனிக்கிழமை ராத்திரி அவரிடமிருந்து போன். மூன்றாவது நோட்டில் ஒரு இடத்தைக் காலியாக விட்டிருக்கிறாராம். ஜி.என்.டி. ரோட்டில் ஒரு பழைய மண்டியின் காம்பவுண்டுச் சுவர், அவர் தனியாக எழுதிய முதல் பெரிய சுவர். அதன் நீளம் எத்தனை அடி?

"நூறு அடின்னு போடுங்க வாத்தியாரே, யார் அளக்கப் போறாங்க?"

"நான் எழுதறேன்டா. நூறுன்னா நூறா இருக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். சுவர் நிற்கிறது. மேலே ஒரு பள்ளிக்கூட அட்மிஷன் போஸ்டர், அதற்குக் கீழே வேறொன்று, அதற்கும் கீழே பெயர்ந்த சுண்ணாம்பு. வாத்தியார் பையிலிருந்து பழைய நூல்கண்டை எடுத்தார். நீலம் ஏறி ஏறிக் கறுத்துப் போன அதே நூல். ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, லாரிகளுக்கு ஓரமாக, சுவரைத் தொட்டுக்கொண்டே மெதுவாக நடந்தார். அந்தக் கோடியில் நின்று கையை ஆட்டினார்.

"தொங்க வுடாதடா. இழுத்துப் புடி."